ஒரு பானைக்கு ஒரு கம்ப்யூட்டர் பதம்

கேள்வி: எங்கள் அச்சகத்தில் 12 கம்ப்யூட்டர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் விண்டோஸ் 11-க்கு மாற்றினோம். மறுநாள் காலை பொது ஃபோல்டர் திறக்கவில்லை. நேற்றுவரை பழகியவை இன்று முகம் திருப்பிக்கொண்டு நிற்கின்றன. என்ன செய்ய?
– அச்சகப் பொறுப்பாளர், சிவகாசி

பதில்: மாற்றியது சரிதான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. உங்கள் கம்ப்யூட்டர்களுக்குள் சண்டை எதுவும் இல்லை; ஊர் பேர் கேட்காமல் பழகக்கூடாது என்று கற்றுக்கொண்டிருக்கின்றன. விண்டோஸ் 11 ப்ரோவின் 24ஹெச்2 பதிப்பு, பாஸ்வேர்டு கேட்காத ‘கெஸ்ட்’ இணைப்பை ஏற்காது.

அந்தப் பழைய திறந்த வாசலை மறுபடி திறக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். திருடனுக்கும் அதே வாசல்தான். பொது ஃபோல்டர் உள்ள கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு யூசர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு போடுங்கள். நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்றிருந்தால் ‘பிரைவேட்’ ஆக்குங்கள். பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: காலையில் தட்டும் நான்கு இலக்க ‘பின்’ அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான், ஃபோல்டர் கேட்பது பாஸ்வேர்டை.

அடுத்த முறை ஒரு கம்ப்யூட்டரை மட்டும் முதலில் மாற்றுங்கள். பில் போட்டு, பிரிண்ட் எடுத்து, ஃபோல்டர் திறந்து பாருங்கள். பிடிக்காவிட்டால் பழையதற்குத் திரும்ப 10 நாள் அவகாசம் உண்டு. 12 பானையையும் ஒரே அடுப்பில் ஏற்றினால் பதம் பார்ப்பது எப்படி?