பழையது தீரட்டும்

பூசணி வடகம் இடுவதில் அதிகம் பேர் அறியாத ஒரு நுட்பத்தை எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆயினும் நேற்றிரவு, ஐப்பசி அடைமழை ஓட்டின்மேல் கொட்டிக்கொண்டிருக்க, மிளகு ரசத்துக்குத் தொட்டுக்கொள்ள அந்த வடகத்தை நான் விநயமாகக் கேட்டபோது, "பழைய கொத்தவரங்காய் வத்தல் அரை டின் அப்படியே இருக்கு, அது தீரட்டும், பார்க்கலாம்" என்று இல்லத்தரசி வழங்கிய தீர்ப்பு இன்னும் மனத்தில் காந்திக்கொண்டிருப்பதால், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வெண்பூசணியைத் துருவி, உப்புப் பிசறி, நீரை ஒட்டப் பிழிந்து, பச்சை மிளகாயும் பெருங்காயமும் கூட்டிக் கெட்டியாக அரைத்த உளுத்தம் மாவில் கலந்து, பழைய வேட்டியின்மேல் (வேட்டியும் என்னுடையதே) கிள்ளிக் கிள்ளி வைத்த அந்த வடகங்களுக்குச் சித்திரை வெயிலில் குடை பிடித்துக் காவல் இருந்தவன் அடியேன். கலாசாலையில் தர்க்க சாஸ்திரம் படித்தவன் என்பதைக் காக்கைகள் சிறிதும் பொருட்படுத்தவில்லை.

பழையது தீர்ந்த பிறகே புதியது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். உங்கள் வீட்டிலும் அதுதான். ஆனால் பழையது தீர்வதற்குள் புதியது பழையதாகிவிடுகிறது. அதற்குள் மறு சித்திரை பிறந்து, வேறொரு புதியது பரணேறிவிடுகிறது. சென்ற வருஷத்து மாவடுவை இவ்வருஷமும், இவ்வருஷத்து மாவடுவை வரும் வருஷமும் தின்று, எந்த வருஷத்திலும் அந்த வருஷத்து மாவடுவின் முகத்தைக் காணாமலே ஒரு கிருகஸ்தனின் ஆயுள் கழிகிறது. நார்த்தங்காயாவது போகட்டும், நாட்பட நாட்படக் கறுத்து மருந்தாகிறது என்கிறார்கள். வடகத்துக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. நாட்பட்டால் வண்டுதான் விழும். வண்டு விழுந்த பின் அதைப் பழையது என்று அங்கீகரித்து, உடனே பரிமாறுகிறார்கள்.

ஊறுகாய் ஜாடியின் மகிமையோ தனி. வாய்க்கு வெள்ளைத்துணியால் வேடு கட்டி மூலையில் எழுந்தருளப்பண்ணியிருக்கும் அந்தப் பீங்கான் ஜாடியின் பக்கம் நான் திரும்பினாலே, "ஈரக்கை! ஈரக்கை!" என்று அடுக்களையிலிருந்து குரல் வருகிறது. கையைத் துடைத்துவிட்டேன் என்றால், எதில் துடைத்தீர்கள் என்று விசாரணை.

பிரான்ஸ் தேசத்து மிட்டாய்க்காரர் நிக்கோலா அப்பேர், காய்கறிகளைக் கண்ணாடிக் குப்பியில் இட்டுத் தக்கையால் இறுக அடைத்துக் கொதிநீரில் வைத்துக் கெடாமல் காக்கும் உபாயத்துக்காக, 1810-ஆம் ஆண்டு அரசாங்கத்திடம் 12,000 பிராங்கு சன்மானம் பெற்றார். அது ஏன் கெடவில்லை என்பதற்குப் பாஸ்டர் காரணம் சொல்ல ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்தது. மூடி வைப்பவர்களுக்கு இவ்வளவு மரியாதை. உரிய காலத்தில் திறந்து கொடுப்பவர்களுக்குத்தான் ஆதரிப்பார் இல்லை.

வடகத்தின் நுட்பத்தைச் சொல்ல வந்தேன் அல்லவா? அதைத் தின்று பார்த்த பிறகுதானே தைரியமாக எழுத முடியும்! ஆதலால், இவ்வருஷத்து வடகத்தை இவ்வருஷமே பொரிக்கும் அதிசயக் குடும்பம் எங்கேனும் இருக்குமாயின், அன்பர்கள் தயவுசெய்து ஒரு கார்டு எழுதிப் போடுங்கள். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு நானே நேரில் வருகிறேன்.