நெஞ்சில் இடம் இருக்கிறது, மெடல் எங்கே?

நாவலூரிலிருந்து ஒரு முன்னாள் ஹவில்தார் கேள்வி அனுப்பினார். விஷயம் எப்படியோ தாம்பரம் வரை பரவி, சுற்றுவட்டாரத்து முன்னாள் படைவீரர்கள் எல்லோரும் பேனாவை எடுத்துவிட்டார்கள். ஆகவே இந்த முறை சினிமாவுக்கும் அரசியலுக்கும் லீவு.

கே: 1986-ல் மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து 2004-ல் வெளியே வந்தேன். என் கணக்குப்படி ஆறு மெடல். டிஸ்சார்ஜ் புக்கில் நாலுதான் எழுதியிருக்கிறது. கையில் வந்தது இரண்டு. ஹை ஆல்டிட்யூட் மெடலும் பராக்ரம் மெடலும் புக்கிலேயே இல்லை. யாரைக் கேட்பது?
*– ஓய்வு பெற்ற ஹவில்தார், நாவலூர்*

ப: ஆறு, நாலு, இரண்டு என்று நீங்களே பிரித்து எழுதிவிட்டீர்கள். பாதி வேலை முடிந்தது. புக்கில் ஏறியும் கைக்கு வராத இரண்டும் பாக்கி. புக்கிலேயே ஏறாத இரண்டும் விடுபட்டவை. எல்லாவற்றையும் ஒரே மனுவில் கொட்டினால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரி வரும். தனித்தனியாக எழுதுங்கள்.

பாக்கிக்குக் காரணம் பெரும்பாலும் தட்டுப்பாடு. கேட்ட எண்ணிக்கையில் மெடல் வந்து சேராமல், சர்வீஸில் இருக்கும் ஜவான்களே பரேடுக்காகக் கடையில் வாங்கிக் குத்திக்கொண்டு நின்றது பத்திரிகைகளில் வந்த செய்தி. இதற்கு நினைவூட்டல் கடிதம் போதும். பொறுமையும் கொஞ்சம் வேண்டும்.

விடுபட்டது வேறு கதை. மெடலுக்குத் தகுதி வந்ததும் யூனிட் ‘பார்ட் டூ ஆர்டர்’ போட வேண்டும். அது ரெக்கார்டு ஆபீஸுக்குப் போய் உங்கள் சேவைப் பதிவான ஷீட் ரோலில் ஏற வேண்டும். ஷீட் ரோலைப் பார்த்துத்தான் கடைசியில் டிஸ்சார்ஜ் புக் எழுதுவார்கள். நடுவில் யூனிட் மலையிலிருந்து இறங்கியிருக்கும், கிளார்க் மாறியிருப்பார், நீங்கள் கோர்ஸுக்குப் போயிருப்பீர்கள். இவற்றைவிடப் பெரிய வில்லன் அட்டாச்மெண்ட். இன்னொரு யூனிட்டோடு ஆறு மாதம் இருந்திருந்தால், தாய் யூனிட் ‘அங்கே போட்டிருப்பார்கள்’ என்று விட்டுவிடும். அங்கே உள்ளவர்கள் ‘இவர் நம்ம ஆளே இல்லையே’ என்று விட்டுவிடுவார்கள்.

ஹை ஆல்டிட்யூட் மெடலுக்கு 9,000 அடிக்கு மேல் மொத்தம் 180 நாள் இருந்திருக்க வேண்டும். பராக்ரம், 2001 டிசம்பர் பார்லிமெண்ட் தாக்குதலுக்குப் பிறகு எல்லையில் படை குவித்த காலத்துக்கானது. எனவே மனுவில் குளிரை வர்ணிக்க வேண்டாம், ஹவில்தார் சார். எந்த யூனிட், எந்தக் கம்பெனி, எந்த இடம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எழுதுங்கள். மூவ்மெண்ட் ஆர்டர், லீவு சர்டிபிகேட் இருந்தால் நகல் வையுங்கள். எதுவும் இல்லையா? அங்கிருந்து வீட்டுக்கு எழுதிய பழைய இன்லண்ட் லெட்டரைத் தேடுங்கள். அனுப்புநர் இடத்தில் வெறும் ‘56 ஏ.பி.ஓ.’ என்றுதான் இருக்கும், ஊர் தெரியாது. ஆனால் தபால் முத்திரையில் ஃபீல்டு போஸ்ட் ஆபீஸ் எண்ணும் தேதியும் விழுந்திருக்கும். வீட்டம்மா அந்தக் கட்டைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடாமல் வைத்திருந்தால், அவர்தான் உங்கள் முதல் சாட்சி.

மனு போக வேண்டிய இடம் நீலகிரி வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் ரெக்கார்டு ஆபீஸ். ஒரு நகல் சைனிக் போர்டுக்கு, அதாவது மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு. உங்கள் ஊர் டோல்கேட்டிலேயே 2023 அக்டோபரில் வசூல் நின்றது. இந்த ஃபைலுக்கும் ஒருநாள் வழிவிடுவார்கள்.

கே: மாமனார் மூன்று வருடமாக இதே பேச்சு. அந்த மெடல் வந்தால் பென்ஷன் எவ்வளவு கூடும்?
*– ஒரு மருமகள், சிறுசேரி*

ப: ஒரு பைசா கூடாது. வீர் சக்ரா போன்ற வீர விருதுகளுக்குத்தான் மாதாமாதம் படி உண்டு. சேவைப் பதக்கம் என்பது ‘இந்த ஆள் அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்தார்’ என்று அரசாங்கம் ஒத்துக்கொள்வது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒப்புதலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பனியில் விரல் போனவர், குண்டுச் சிதறல் உள்ளே இருப்பவர் உடல்குறைப் பென்ஷன் கேட்டுப் போகும்போது ‘நீங்கள் ஆபரேஷன் ஏரியாவில் இருந்ததற்கு என்ன ஆதாரம்?’ என்பதுதான் முதல் கேள்வியாக வரும். மாமனாருக்கு விரல் பத்தும் சரியாக இருந்தால் சந்தோஷம். அப்படியே இருந்தாலும் பேசவிடுங்கள்.

கே: 1965 போரின்போது தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷனில் ஃபிட்டராக இருந்தேன். போர்முனைக்கே போகவில்லை. எனக்கு எதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். சரிதானா?
*– 82 வயது வாசகர், சேலையூர்*

ப: சொன்னவர் பாதி சரி. போர் நடந்த பகுதியில் இருந்தவர்களுக்கு சமர் சேவா ஸ்டார். அதற்கு நீங்கள் ஆசைப்பட முடியாது. ஆனால் அதே போருக்கு ரக்ஷா மெடல் என்று இன்னொன்று உண்டு. 1965 ஆகஸ்ட் 5 அன்று பணியில் இருந்து, அதற்குள் 180 நாள் சர்வீஸ் முடித்திருந்தால் போதும். தாம்பரத்தில் ஸ்பேனர் பிடித்தீர்களா, சியால்கோட்டில் துப்பாக்கி பிடித்தீர்களா என்று அது கேட்காது. 1972 ஆகஸ்ட் 15 அன்றும் யூனிஃபார்மில் இருந்தீர்களா? அப்படியானால் சுதந்திர வெள்ளிவிழா மெடலும் சேர்ந்துகொள்ளும். ஒன்பது ஆண்டு முடித்திருந்தால் அதற்கொன்று. கிடையாது என்று சொன்னவருக்கு ஒரு காபி வாங்கிக்கொடுத்து இதைப் படித்துக் காட்டுங்கள். உங்கள் ஃபைல் புதுதில்லி சுப்ரதோ பார்க்கில், ஏர்ஃபோர்ஸ் ரெக்கார்டு ஆபீஸில் இருக்கிறது. ராணுவத்தில் பார்ட் டூ என்பதை உங்களவர்கள் பி.ஓ.ஆர். என்பார்கள். மனுவில் அந்த வார்த்தையைப் போடுங்கள், அங்கே சட்டென்று புரியும்.

கே: நம் ஊர் இனிஷியல் வடக்கே யாருக்கும் புரியவில்லை. விரித்து எழுதி, முன்னே பின்னே மாற்றி, ரெக்கார்டில் என் அப்பாவே சிப்பாய் ஆகிவிட்டார். இதைத் திருத்துவதா, மெடலைக் கேட்பதா, எது முதலில்?
*– முன்னாள் நாயக், கூடுவாஞ்சேரி*

ப: பெயர்தான் முதலில், சந்தேகமே வேண்டாம். அசல் மெடலின் விளிம்பில் நம்பர், ரேங்க், பெயர் எல்லாம் வெட்டித்தான் அனுப்புவார்கள். ரெக்கார்டில் என்ன இருக்கிறதோ அதுதான் உலோகத்தில் விழும். திருத்தாமல் விட்டால், வயல் வேலையைத் தவிர வேறெதுவும் பார்த்திராத உங்கள் அப்பாவுக்குப் போர்ப் பதக்கம் வந்துசேரும். அஃபிடவிட், பள்ளிச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றையும் ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவாருங்கள். பென்ஷன் இப்போது ‘ஸ்பர்ஷ்’ என்ற ஆன்லைன் முறைக்குப் போய்விட்டதால் அங்கேயும் அதே பெயர் இருக்கிறதா பாருங்கள். மனைவி பெயரையும் அப்படியே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பின்னால் குடும்பப் பென்ஷன் நேரத்தில் அதைத் திருத்த நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

கே: ஆன்லைனில் எல்லா மெடலும் கிடைக்கிறது. தாத்தாவுக்குப் பிறந்தநாள் பரிசாக வாங்கிக் கொடுத்துவிடலாமா?
*– பேரன், கேளம்பாக்கம்*

ப: டிஸ்சார்ஜ் புக்கில் ஏறியிருந்தால் தாராளமாக. அசலைப் பெட்டியில் பத்திரப்படுத்திவிட்டு நகலைக் குத்திக்கொள்வது பட்டாளத்தில் சகஜம். தில்லி கண்டோன்மெண்டில் கோபிநாத் பஜார் என்று ஒரு கடைத்தெருவே இந்த வியாபாரத்தில் பிழைக்கிறது. புக்கில் இல்லாததை மட்டும் வாங்காதீர்கள். தாத்தா முதலில் விளிம்பைத் திருப்பிப் பார்ப்பார். அங்கே மொழுமொழுவென்று இருந்தால் அன்றைக்குக் கேக் வெட்டின மாதிரிதான்.

கே: கணவர் இறந்து ஆறு வருடம். அவருக்கு வராத மெடலை நான் கேட்கலாமா?
*– ஒரு வாசகி, பெருங்களத்தூர்*

ப: கேட்கலாம், அம்மா. அவர் சம்பாதித்தது அவரோடு போகாது. இறப்புச் சான்று, உங்கள் பெயர் உள்ள பென்ஷன் உத்தரவு, டிஸ்சார்ஜ் புக் நகல் மூன்றும் போதுமான ஆரம்பம். வந்ததும் விழாவில் அணிவதாக இருந்தால் வலது பக்கம் குத்திக்கொள்வதுதான் வழக்கம். இடது பக்கம் சம்பாதித்தவருக்கு.

கே: ஏழு வருட சர்வீஸில் பென்ஷன் இல்லாமல் 1974-ல் வந்துவிட்டேன். 71 போரில் கிழக்கே இருந்தேன். இப்போது கேட்டால் ‘உங்கள் ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன’ என்கிறார்கள். நானே அழிந்துபோன மாதிரி இருக்கிறது.
*– முன்னாள் சிப்பாய், வண்டலூர்*

ப: பொய் சொல்லவில்லை அவர்கள். பென்ஷன் இல்லாமல் வெளியேறியவரின் ஆவணங்களை 25 ஆண்டு கழிந்ததும் அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. 1999-லேயே உங்கள் கெடு முடிந்தது. ஆனால் ‘லாங் ரோல்’ என்ற பேரேட்டை அழிக்கமாட்டார்கள். சேர்ந்த தேதி, நம்பர், வெளியேறிய தேதி, காரணம் எல்லாம் ஆளுக்கு ஒரு வரியாக அதில் இருக்கும். அந்த ஒரு வரியின் நகலைக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர், 30 நாள் கெடு. மனுவில் ‘ஏன் அழித்தீர்கள்?’ என்று கேட்காதீர்கள், விதி எண்ணைச் சொல்லி முடித்துவிடுவார்கள். ‘லாங் ரோலில் என்ன இருக்கிறது?’ என்று கேளுங்கள்.

டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த 1971 டிசம்பர் 16-ஆம் தேதி உங்கள் யூனிட் எங்கே இருந்தது என்பதை யூனிட் வரலாறு சொல்லும். நீங்கள் அந்த யூனிட்டில் இருந்ததை லாங் ரோலோ, உங்கள் டிரங்குப் பெட்டியோ, உடன் இருந்தவரோ சொல்ல வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்தால்தான், 71 போரில் கிழக்கே இருந்தவர்களுக்கான பூர்வி ஸ்டார் கிடைக்கும். உடன் இருந்தவர் யாராவது அக்கம்பக்கத்தில் இருக்கலாம். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.-இன் தாம்பரம் பாலிகிளினிக்கில் சர்க்கரை மாத்திரை வாங்க நிற்கும் வரிசையில் விசாரித்துப் பாருங்கள். பென்ஷன் இல்லாத உங்களுக்கு அங்கே மாத்திரை கிடைக்காவிட்டாலும் சாட்சி கிடைக்கலாம்.

கே: அமெரிக்காவில் இதெல்லாம் ஒரு கிளிக்கில் முடிந்துவிடுமாமே? டெக்ஸாஸில் இருக்கும் என் பையன் சொல்கிறான்.
*– வாசகர், மேடவாக்கம்*

ப: 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகரில் அவர்களுடைய ஆவணக் காப்பகம் தீப்பிடித்து ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீரர்களின் ஃபைல்கள் சாம்பலாயின. எந்தக் கிளிக்கும் அவற்றைக் கொண்டுவராது. இன்றைக்கும் அங்கே முதியவர்கள் பழைய சம்பளச் சீட்டை வைத்துக்கொண்டுதான் தங்கள் சர்வீஸை நிரூபிக்கிறார்கள். ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். ராணுவப் பதிவுகளைத் திருத்துவதற்கென்றே அவர்களிடம் தனி வாரியம் இருக்கிறது. தவறு தெரிந்து மூன்று வருடத்துக்குள் போக வேண்டும், நியாயம் இருந்தால் தாமதத்தை மன்னிப்பார்கள். நம் ஊரில் அந்த வேலைக்கு நேராகக் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. பிரிட்டனும் ஒன்றும் குறைந்ததில்லை. இரண்டாம் உலகப் போரில் ஆர்க்டிக் கடலில் கப்பல் ஓட்டியவர்களுக்கு 2013-ல்தான் ஆர்க்டிக் ஸ்டார் கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ள வந்தவர்கள் தொண்ணூறை நெருங்கியிருந்தார்கள்.

கே: ரெக்கார்டு ஆபீஸ் முடியாது என்று எழுதிவிட்டது. கேஸ் போடலாமா?
*– முன்னாள் சுபேதார், ஊரப்பாக்கம்*

ப: போடலாம், தில்லிக்கு ரயில் ஏறாமலே. 2007-ஆம் வருடச் சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குச் சென்னையில் கிளை இருக்கிறது. ‘முடியாது’ என்று வந்த அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடாதீர்கள், அதுதான் உங்கள் டிக்கெட். இறுதி உத்தரவு வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தாண்டிவிட்டால் ஏன் தாமதம் என்று விளக்கி மன்னிப்பு கேட்க வேண்டும், கேட்டால் ஏற்றுக்கொள்ளவும் வழி உண்டு. வக்கீலிடம் போகுமுன் ஒரு விஷயம்: உங்களிடம் உள்ள காகிதத்தையெல்லாம் தேதி வரிசையில் அடுக்கிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் அதை அடுக்குவதற்கும் ஃபீஸ் வாங்குவார்.

கே: எல்லாம் முடிந்து எத்தனையோ வருடம் கழித்து ராணுவம் தன் பதிவைத் தானே திருத்திய கதை உண்டா? நம்பிக்கைக்காகக் கேட்கிறேன்.
*– வாசகர், மாடம்பாக்கம்*

ப: உண்டு. குடகைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் ஏ.பி. தேவய்யா. 1965 செப்டம்பர் 7 அன்று பாகிஸ்தானின் சர்கோதா விமானத் தளத்தைத் தாக்க ஆதம்பூரிலிருந்து மிஸ்டீர் விமானங்கள் கிளம்பின. தேவய்யா அன்றைக்கு மாற்று ஆள். யாராவது வராவிட்டால்தான் அவருக்கு வேலை. போனார், திரும்பவில்லை. நம் பதிவில் அவர் ‘காணாமல் போனவர்’. வேறு ஒரு வரி இல்லை.

1979-ல் ஜான் ஃப்ரிக்கர் என்ற ஆங்கிலேயர், பாகிஸ்தான் விமானப்படையின் பக்கத்திலிருந்து அந்தப் போரைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அவர்களுடைய ஸ்டார்ஃபைட்டர் ஒன்று அன்று ஒரு மிஸ்டீரோடு சண்டையிட்டு விழுந்த விவரம் அதில் வந்தது. வேகத்தில் மிஸ்டீருக்கு இரண்டு பங்கு மேலானது ஸ்டார்ஃபைட்டர். அந்த மிஸ்டீரை ஓட்டியது யார் என்று நம் பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்தால், திரும்பாத ஒரே ஆள் தேவய்யாதான். 1988-ல் மகாவீர் சக்ரா அறிவித்தார்கள். 23 வருடம். சாட்சி சொன்னது எதிரிப் படை.

இதிலிருந்து உங்களுக்கு நம்பிக்கை வருமோ, கோபம் வருமோ தெரியாது. எனக்கு இரண்டும் வந்தது. அவருக்கு ஒரு புத்தகம் வாய்த்தது. சேலையூர் ஃபிட்டருக்கும் வண்டலூர் சிப்பாய்க்கும் யாரும் புத்தகம் எழுதப்போவதில்லை. அவர்கள் தாங்களாகவேதான் கேட்டு எழுத வேண்டும், கடுதாசி கடுதாசியாக.

கே: நான் ரெக்கார்டு ஆபீஸ் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவன். எல்லோரும் எங்களைத் திட்டுகிறீர்கள். வருகிற கடிதங்களில் ஆர்மி நம்பரே இருக்காது, வெளியே வந்த தேதி இருக்காது, கையெழுத்துகூட இருக்காது. எந்த ஃபைலை எடுப்பது?
*– பெயர் வேண்டாம், தாம்பரம் சானடோரியம்*

ப: நியாயம். ஒரே ஒரு சந்தேகம்: உங்கள் கடிதத்திலும் தேதி இல்லையே, ஐயா?