எண்ணெய்க் காட்டில் ஓர் எண்ணெய்க் கணக்கு

ஐரோப்பாவில் குளிர் வந்தால் வீட்டைச் சூடாக்க எண்ணெய் வாங்கித் தொட்டியில் நிரப்புகிறார்களாம். ரந்தாவ் பக்கத் தோட்டத்து லயத்தில் இதைச் சொன்னேன். பாட்டி தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தார். "காசு குடுத்தா சூடு வாங்குறாங்க? நம்ம கூரையக் கழட்டி அனுப்பிவிடுப்பா."

நியாயந்தான். பகல் இரண்டு மணிக்கு எங்கள் லயம் இலவசமாகவே கொதிக்கும். செலவெல்லாம் அதை ஆற்றும் காற்றாடிக்குத்தான்.

அடுப்புக் கதை வேறு. முன்பு வெட்டிச் சாய்த்த பால்மரம் விறகாகும், காசில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஈர மட்டை எரிவதைவிடப் புகைவதே அதிகம். ஆகவே கேஸ். 14 கிலோ சிலிண்டர், கிலோ 1.90 ரிங்கிட் வீதம், அரசு விலை 26.60. செம்மண் சாலையில் குலுங்கிக்கொண்டு வீடு வருவதற்குள் வண்டிக்கூலியும் கூடவே ஏறிக்கொள்ளும். மானியத்துக்குத் தார்ச்சாலை மட்டும்தான் பழக்கம் போல.

வாசலில் எண்ணெய் காய்க்கும் மரம். கொஞ்ச தூரத்தில் போர்ட்டிக்சன். 1960களிலிருந்தே பெட்ரோலிய ஆலை ஓடும் ஊர். இரண்டுக்கும் நடுவில் பாட்டி, 2.50 ரிங்கிட் மானிய விலையில் ஒரு கிலோ சமையல் எண்ணெய்ப் பொட்டலத்துக்காகக் கடை வரிசையில்.

"முடிஞ்சிருச்சு பாட்டி" என்றார் கடைக்காரர். வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று புழுதி கிளப்பிப் போனது.

அன்றிரவு எங்கள் வீட்டில் சுட்ட அப்பளம்.