பட்டை கழற்று படலம்: பொம்மை லாரியின் லீஃப் ஸ்பிரிங் குறித்து ஓர் ஆராய்ச்சி

ரேடியோவில் ஓடும் பொம்மை லாரி ஒரு கூழாங்கல்லின் மேல் ஏறும்போது, ஏறிய சக்கரம் மட்டும் எழும்பாமல் வண்டி முழுவதும் ஒருக்களித்து எழும்புகிறது. 'விளையாட்டுச் சாமான்தானே' என்று இதைத் தள்ளிவிடுவது ஆராய்ச்சியாளர்க்கு அழகன்று. ஜப்பானின் ஷிசுவோகாவைச் சேர்ந்த டமியா நிறுவனம் 1993இல் கிங் ஹாலர் என்னும் 1/14 அளவு டிராக்டர் லாரியை வெளியிட்டது. அத்தகைய வண்டிகளில் சக்கரம் தனித்து எழும்பாததற்குக் காரணம் லீஃப் ஸ்பிரிங், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகளின் கட்டு, மிக விறைப்பாக இருப்பதே. ஆகவே அவற்றை வைத்திருப்போரில் பலர் சென்டர் போல்ட்டைத் தளர்த்தி, அந்தக் கட்டிலிருந்து ஒன்றிரண்டு பட்டைகளை உருவிவிடுகிறார்கள். அசலுக்குச் செய்யும் துரோகம் இது என்பது ஒரு சாரார் கட்சி. இதுவே அசலுக்குக் காட்டும் விசுவாசம் என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்சான்று கணக்கு. உருவத்தைச் சுருக்கினால் எல்லாம் ஒரே விகிதத்தில் சுருங்குவதில்லை என்பதைக் கலிலியோ 1638இல் வெளிவந்த தம் நூலிலேயே விளக்கிவிட்டார். நீளம், அகலம், உயரம் மூன்றும் 14இல் ஒரு பங்கானால், எடை 2,744இல் ஒரு பங்காகிறது. 7 டன் லாரி இரண்டரைக் கிலோவில் வந்து நிற்கும். பட்டையின் விறைப்போ அகலத்தைப் பொறுத்தும், தடிமனின் மும்மடியை நீளத்தின் மும்மடியால் வகுத்த ஈவைப் பொறுத்தும் அமைவது. சுருக்கும்போது அந்த இரண்டு மும்மடிகளும் அடிபட்டுப்போவதால், விறைப்பு 14இல் ஒரு பங்காகக் குறைவதோடு நின்றுவிடுகிறது. விளைவு: அசலில் பாரத்தால் 140 மில்லிமீட்டர் தாழும் ஸ்பிரிங், நகலில் 10 மில்லிமீட்டர் தாழ்வதற்குப் பதிலாக 0.7 மில்லிமீட்டரே தாழும். அச்சு அசலாகச் செய்த ஸ்பிரிங்குக்கு 14 மடங்கு வீம்பு அதிகம். அதே எஃகில் இதைச் சரிக்கட்ட, அசலில் 14 மில்லிமீட்டர் தடித்த பட்டை, நகலில் 1 மில்லிமீட்டராக அல்ல, 0.4 மில்லிமீட்டராகவே இருக்க வேண்டும். ஆக, பட்டையின் உருவத்துக்கு உண்மையாக இருப்பவர் அதன் தொழிலுக்குப் பொய்யராகிறார்.

இனிப் பரபக்கம். பட்டையைக் கழற்றினால் கட்டு மெலிந்து தோற்றம் கெடும் என்பார் முதல் வகையார். இருமுனையிலும் கண் உள்ள மெயின் பட்டையை மட்டும் எஃகாக விட்டு, மற்றவற்றின் இடத்தில் அதே தடிமனுள்ள பிளாஸ்டிக் தகட்டை நறுக்கிக் கறுப்படித்துச் செருகினால் கட்டின் உயரம் மாறாது. பிளாஸ்டிக்கின் விறைப்பு எஃகினதில் நூறில் ஓரிரு பங்கே என்பதால், அது கூட்டத்தில் நிற்குமே தவிர வேலையில் குறுக்கிடாது. ஸ்பிரிங்கைத் தொடாமல் ஈயத்தை ஏற்றலாமே என்பார் இரண்டாம் வகையார். அற்றன்று, வேண்டிய தாழ்வைப் பெற வண்டி 14 மடங்கு கனக்க வேண்டும். 35 கிலோவை இழுக்கச் சொன்னால் உள்ளிருக்கும் மோட்டார் கும்பிடு போட்டுவிடும்.

மூன்றாம் தடையே வலுவானது. தாழ்வைச் சரிசெய்தாலும் நகலின் துள்ளல் அசலின் நிதானத்தோடு இராது. ஏனெனில் புவியீர்ப்பை எந்தப் பட்டறையிலும் 1/14 ஆக்க இயலாது. அசல் நொடிக்கு 2 முறை துள்ளும் எனக் கொண்டால், பட்டை கழற்றிய நகல் ஏழரை முறை துள்ளும். உண்மையே. ஆனால் கழற்றாத நகல் 28 முறை துள்ளும். அதற்குப் பெயர் துள்ளல் அன்று, உதறல். எனவே இத்தடை நம் கட்சிக்கே சாட்சியாகிறது. எஞ்சிய பரபரப்பைக் கெட்டியான எண்ணெய் ஊற்றிய டாம்பர் அடக்கும். அது ஸ்பிரிங்கின் பொறுப்பன்று.

ஒரு வரம்பு மட்டும் உண்டு. டிரெய்லரில் பாரம் ஏற்றி இழுப்பவர் பின்னச்சில் எஃகுப் பட்டை ஒன்றைக் கூடுதலாக விட்டுவைக்க வேண்டும். இல்லையேல் மெயின் பட்டை மறுபுறம் வளைந்து வண்டி பின்புறமாகக் குந்திவிடும். இது நீங்கலாக, கழற்றுதலே முறை எனத் துணியலாம். அசலின் மெய்ம்மை பட்டைகளின் எண்ணிக்கையில்தான் இருக்கிறது என்று இன்னும் வாதிடுவோர் தாராளமாக எண்ணிக்கொள்ளட்டும், பிளாஸ்டிக்கையும் சேர்த்து.