நெளிதகர சாம்ராஜ்யம்

பிரான்சின் வரலாற்றை நெப்போலியன், தெகோல் என்று தலைகளை வைத்து எழுதுவது புத்தகக்காரர்களின் வழக்கம். பழைய பிரெஞ்சு டெலிவரி வேன்களின் குட்டி மாடல்களைச் சேர்ப்பவர்களுக்கு வேறு வரலாறு இருக்கிறது. அதில் மன்னர்கள் கிடையாது. இறைச்சி, பாலாடைக்கட்டி, தபால், பல்பு, ஐஸ்கிரீம் இவைதான் மாறி மாறி ஆள்கின்றன. 1946க்கும் 1958க்கும் இடையே அந்த நாட்டில் இருபதுக்கும் மேற்பட்ட அமைச்சரவைகள் கவிழ்ந்தன. சித்ரோயன் எச் டைப் வேனோ 1947இல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்தது, 1981 வரை நகரவே இல்லை. நிலையான ஆட்சி என்று பிரான்சில் ஏதாவது இருந்ததென்றால் இதுதான்.

கதை ஒரு மாட்டில் தொடங்குகிறது. முதல் உலகப் போரில் பாரிஸ் நகரப் பேருந்துகளைப் பிடுங்கி, ஜன்னல்களுக்குக் கம்பிவலை அடித்து, போர்முனைக்கு இறைச்சி ஏற்றிப்போகும் வண்டிகளாக்கினார்கள். அப்படி இறைச்சி சுமந்த ஒரு பிரிவுக்குச் சின்னமாக ஓவியர் பெஞ்சமன் ரபியே சிரிக்கும் மாட்டுத்தலை ஒன்றை வரைந்து கொடுத்தார். உள்ளே வெட்டுப்பட்ட மாடு தொங்குகிறது, வெளியே மாடு பல்லைக் காட்டுகிறது! அந்தப் பிரிவில் இருந்த லியோன் பெல், போர் முடிந்து வீடு திரும்பியபின் 1921இல் ‘சிரிக்கும் பசு’ என்ற பெயரைத் தன் பாலாடைக்கட்டிக்குப் பதிவு செய்துகொண்டார். பிறகு ரபியேவே அதற்கும் படம் போட்டார். கசாப்பிலிருந்து பால் துறைக்கு இவ்வளவு லாபகரமான பணிமாற்றம் வேறெந்த மாட்டுக்கும் கிடைத்ததில்லை. இன்றும் குட்டி வேன்களின் பக்கவாட்டில் அது சிரித்துக்கொண்டுதான் இருக்கிறது.

அடுத்து மேடையேறுபவர் ஆந்த்ரே சித்ரோயன். கையில் காசு தங்காத மனிதர். 1925இல் ஈஃபல் கோபுரத்தின் மேல் தன் பெயரை மின்விளக்கில் எழுதிவைத்தார், பாரிஸ் நகரமே பல வருடம் அண்ணாந்து அதைப் படித்தது. சூதாட்ட மேசையிலும் அதே தாராளம். இவர் செய்த ஒரே தொலைநோக்கு முதலீடு பொம்மைக் கார்கள் என்பேன். 1923லேயே தன் கார்களைப் பொம்மையாகச் செய்து விற்க ஆரம்பித்துவிட்டார். குழந்தை தவழும்போதே பிடித்துப்போட்டால் வளர்ந்தபின் வேறு கம்பெனிக்குப் போகாது என்பது கணக்கு. கணக்கு சரிதான், குழந்தை வளர்வதற்குள் கம்பெனி திவாலானதுதான் சிக்கல். 1934 முடிவில் கடன்காரர்கள் கதவைத் தட்டினார்கள், மிஷ்லின் டயர்க்காரர்கள் உள்ளே வந்தார்கள், அடுத்த ஆண்டு சித்ரோயன் காலமானார்.

ஊதாரி போன வீட்டுக்குக் கணக்குப்பிள்ளை வருவது உலக வழக்கம். மிஷ்லின் அனுப்பிய பியேர் பூலான்ஜே எதற்கும் செலவு செய்ய மனம் வராதவர். ஜெர்மானியர் பிரான்சைப் பிடித்திருந்தபோது அவர்களுக்கு லாரி செய்துகொடுக்கும் கட்டாயம் சித்ரோயன் கம்பெனிக்கு வந்தது. பூலான்ஜே துப்பாக்கி தூக்கவில்லை. ஆயில் அளவு பார்க்கும் கம்பியில் இருக்கும் கோட்டைக் கொஞ்சம் கீழே போடச் சொன்னாராம். கம்பியை உருவிப் பார்த்தால் ஆயில் நிறைய இருப்பதாகக் காட்டும். வண்டி போர்முனைப் பக்கம் போய், இன்ஜின் ஜாமாகி நின்றுவிடும். எதிர்ப்புப் போராட்டத்தில்கூட ஆயில் மிச்சம்!

போர் முடிந்ததும் அதே மனிதரின் கம்பெனி எச் டைப் வேனை வெளியே விட்டது. இன்ஜினும் கியர்பாக்ஸும் பழைய ட்ராக்ஸியோன் அவான் காரிலிருந்து எடுத்தவை. இழுவை முன்சக்கரத்தில் இருப்பதால் தரைக்கு அடியில் நீளத் தண்டு கிடையாது. ஆகவே தளம் முழங்காலுக்கும் கீழே இருக்கும், உள்ளே ஆள் நிமிர்ந்து நிற்கலாம். மெல்லிய தகட்டுக்கு உறுதி வேண்டுமே? கனத்தைக் கூட்டினால் செலவு. நெளித்துவிட்டார்கள். தகரக் கொட்டகை ஒன்று கடன்காரனுக்குப் பயந்து சக்கரம் மாட்டிக்கொண்டு கிளம்பியது போல இருக்கும். இந்த நெளிவு யோசனை எங்கிருந்து வந்தது என்றால் ஜெர்மனியின் யுங்கர்ஸ் விமானங்களிலிருந்து. எதிரி ஊரைவிட்டுப் போய் மூன்று வருடம்தான் ஆகியிருந்தது, அவன் சட்டையைத் தைத்துப் போட்டுக்கொண்டு ரொட்டி விற்கப் புறப்பட்டாயிற்று. யாரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை. மொத்தம் 4,73,289 வண்டிகள். காய்கறிக்காரரும் கசாப்புக்காரரும் வாங்கினார்கள், போலீஸும் வாங்கியது. 1968 மே மாதம் பாரிஸ் மாணவர்கள் புரட்சி செய்யப் போய், பிடிபட்டு ஏறியதும் இந்தப் போலீஸ் வண்டியில்தான்.

எதிர்க்கடைப் பெஜோவின் கதை இன்னும் பரிதாபம். ஷெனார்-வால்க்கர் கம்பெனியின் வேனில் முதலில் இரண்டு சிலிண்டர் குட்டி இன்ஜின்தான். அதை எடுத்துவிட்டு பெஜோ கார் இன்ஜினைப் பொருத்தப் பார்த்தால் நீளம் இடிக்கிறது. வேறு யாராக இருந்தாலும் வரைபட மேசைக்குத் திரும்பியிருப்பார்கள். இவர்கள் முகப்பில் ஓட்டை போட்டு, வெளியே துருத்தியதற்கு ஒரு தகர மூடி மாட்டிவிட்டார்கள். ஊரார் ‘பன்றி மூக்கு’ என்றார்கள். பெஜோ அந்தக் கம்பெனியை விழுங்கியபின் மூக்கையும் சேர்த்தே விழுங்கி, டி3 என்று பெயர் வைத்து 1950களில் விற்றது. இன்று மாடல் சேர்ப்பவர்கள் பூதக்கண்ணாடி வைத்து அந்த மூக்கின் கோணம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

இந்த மாடல்களின் அளவு 1/43. அதென்ன 43? லிவர்பூல்காரர் ஃபிராங்க் ஹார்ன்பி பொம்மை ரயில் விற்றார். ரயில் நிலையத்துக்கு வெளியே நிறுத்த நாலு வண்டி வேண்டுமே என்று செய்தவைதான் பிறகு டிங்க்கி டாய்ஸ் ஆயின. அந்த ரயிலில் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர், வகுத்துப் பார்த்தால் 43 சொச்சம். மன்னனையே மாற்றிவிட்டு உலகத்துக்கு மீட்டரைக் கொடுத்த புரட்சி தேசம், தன் சொந்த வேனைச் சுருக்க ஆங்கிலேயனின் அடிக்கோலைக் கடன் வாங்கியிருக்கிறது.

பாரிஸை ஒட்டிய பொபினியில் டிங்க்கியின் பிரெஞ்சுத் தொழிற்சாலை இருந்தது. அங்கே பூலான்ஜேயின் கஞ்சத்தனம் பொம்மைக்கும் தொற்றியது. எச் வேனுக்கு ஒரே அச்சைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். ஒருமுறை ஜெர்வே என்று எழுதினால் பால்பண்ணை வண்டி, சிபியே என்று எழுதினால் கார் விளக்கு வண்டி. ஒரே வார்ப்பு, இரண்டு ஜென்மம். சேகரிப்பாளர் இரண்டையும் வாங்குவார். இரண்டுக்கும் அட்டைப்பெட்டி வேண்டும் என்பார். பெட்டி இல்லாவிட்டால் விலை தடாலென்று இறங்கும் என்பதால், பழைய பெட்டியைப் போலவே புதுப்பெட்டி அச்சடித்து விற்கும் தொழிலும் நடக்கிறது. போருக்கு முந்தைய வார்ப்புகளில் இன்னொரு வில்லன் உண்டு. துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துவிட்டால் பொம்மை உள்ளுக்குள்ளேயே வெடித்து ஒருநாள் உதிர்ந்துபோகும். அலமாரியைத் திறந்தால் வேன் இருந்த இடத்தில் நான்கு டயரும் கொஞ்சம் பொடியும். பிளாஸ்டிக்கில் செய்த நொரெவ் பொம்மைக் கம்பெனியின் வண்டிகள் உதிராது, வெயிலில் காய்ந்த வாழையிலை மாதிரி முறுக்கிக்கொள்ளும்.

டெலிவரி வேன் நேரடியாக அரசியலில் இறங்கியது ஒரே ஒரு முறை. 1962 ஆகஸ்ட் 22, பாரிஸுக்கு அருகே பெத்தி-க்ளமார். ஜனாதிபதி தெகோலைத் தீர்த்துக்கட்ட ஓ.ஏ.எஸ். என்ற ரகசிய ஆயுதக் குழுவின் ஆட்கள் ஒரு ரெனோ எஸ்தஃபெத் வேனுக்குள் துப்பாக்கியோடு காத்திருந்தார்கள். பிரான்சில் யாரும் திரும்பிப் பார்க்காத பொருள் டெலிவரி வேன்தான் என்பது நல்ல கணிப்பு. தலைவர் பஸ்தியேன்-திரி சாலையோரம் நின்று செய்தித்தாளை ஆட்டி சைகை காட்ட வேண்டும். மனிதர் பொறியாளர்தான், ஆனால் அன்று இருட்டு எப்போது வரும் என்பதைத் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டார். மங்கல் வெளிச்சத்தில் செய்தித்தாள் வேன்காரர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. சுட்டார்கள், கொஞ்சம் தாமதமாக. டயர் கிழிந்த சித்ரோயன் டி.எஸ். நிற்காமல் ஓடிவிட்டது. இறங்கியதும் தெகோலின் மனைவி கேட்ட முதல் கேள்வி, டிக்கியில் இருந்த கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பதுதானாம். மறுநாள் விருந்துக்கு வாங்கிய கோழிகள். ஆக அன்று மாலை வேன் கொலைகாரர்களை ஏற்றிக்கொண்டு நின்றது, ஜனாதிபதியின் கார் கோழி டெலிவரி செய்தது.

எச் வேன் இப்போது ஐரோப்பா முழுக்கக் காபியும் க்ரேப்பும் விற்கிறது. அசல் வண்டி கிடைக்காதவர்களுக்காகப் புத்தம்புது சித்ரோயன் ஜம்பர் வேனுக்குக் கண்ணாடியிழையில் எச் வேன் முகமும் வரிகளும் மாட்டித் தருகிறார்கள். அந்த நெளிவுக்கு இப்போது தாங்க வேண்டிய வேலை எதுவும் இல்லை, அழகுக்காக மட்டுமே, அதற்குத் தனிக் காசு. பூலான்ஜேயிடம் அந்த பில்லை நீட்டியிருந்தால் வரிகளை எடுத்துவிட்டு வண்டியை மட்டும் கொடு என்றிருப்பார், அதிலும் பேரம் பேசியிருப்பார்.