பூ மேட்டூருக்கு, புழுதி மணமேல்குடிக்கு

ஜூன் 12. மேட்டூரில் பொத்தானை அழுத்துவார்கள். மதகு திறக்கும். கூடை கூடையாகப் பூ கொட்டுவார்கள். கடைமடை வரை தண்ணீர் போகும் என்பார்கள். அந்தக் கடைமடையில் இருக்கும் மணமேல்குடிக்காரன் டீக்கடை டிவியில் பார்த்துக் கைதட்டலாம். அவன் பங்குக்கு வருவது அது ஒன்றுதான்.

மைசூரோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி, 1924-ல் ஒப்பந்தம் போட்டு, 1925-ல் தொடங்கி 1934-ல் வெள்ளைக்காரன் முடித்த அணை. கர்னல் எல்லிஸ் போட்ட திட்டம். 5,300 அடி நீளக் கான்கிரீட். செலவு 4 கோடியே 80 லட்சம். நாயம்பாடி என்ற ஊரே கோயிலோடும் மாதா கோயிலோடும் மூழ்கியது. கூடவே, வானம் பார்த்துக் கிடந்த நம் பக்கத்துக்குக் கல்லணையிலிருந்து 148 கிலோமீட்டருக்குப் புதுக் கால்வாய். அதன் வால் நம் மும்பாலை ஏரி. தர்ம சிந்தனை எல்லாம் இல்லை. தண்ணீர்த் தீர்வை ஆசை. ஆனால் வரி வாங்க நினைத்தவன் தண்ணீருக்கும் வழி வெட்டினான். நம்மவர்கள் ஓட்டு வாங்குகிறார்கள்.

அணையின் கொள்ளளவு 93.47 டிஎம்சி. கட்டியபோதும் அதுதான், இன்றைய அறிக்கையிலும் அதுதான். 83 வருஷம் கழித்து, 2017-ல், முதன்முறையாகத் தூர் வாருகிறோம் என்று விழா எடுத்தார்கள். வாருவதற்கு முன்னும் 93.47. வாரிய பின்னும் 93.47. வண்டலுக்குக்கூட அரசாங்கக் கோப்பின் மேல் என்ன மரியாதை!

2021 பிப்ரவரியில் பிரதமரே சென்னைக்கு வந்து அடிக்கல் நாட்டினார். கல்லணைக் கால்வாயைச் சீரமைக்க 2,639 கோடி. ரூபாய் தேய்ந்த கதை நமக்கும் தெரியும். இருந்தாலும் அணைக்கு ஆனது ஒற்றை இலக்கக் கோடி, வாய்க்காலைச் செப்பனிட நான்கு இலக்கக் கோடி. கான்கிரீட் போட்டால் தண்ணீர் பூமிக்குள் இறங்காது என்று தஞ்சாவூர்க்காரர்கள் சண்டை போட்டார்கள். நியாயமான சண்டை. நமக்கு அந்தக் கவலையே இல்லை. இறங்குவதற்கு முதலில் வர வேண்டுமே!

ஆண்டுதோறும் நடக்கும் தூர் வாரும் வைபவம் தனி. தையில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும்; எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. சித்திரை முடியும்போதுதான் பொக்லைன் வரும். மேலே கிடக்கும் காட்டாமணக்கைச் சுரண்டிக் கரையில் போடும். பெயர்ப் பலகை நிற்கும். பலகைக்குப் பக்கத்தில் மட்டும் வாய்க்கால் ஆழமாக இருக்கும். வேலை முடிவதற்குள் தண்ணீர் திறந்துவிடுவார்கள். எத்தனை அடி வாரினீர்கள் என்று இனி யார் அளப்பது? பில் மட்டும் கடைமடை வரை தங்குதடையின்றிப் பாயும்.

தண்ணீர் கேட்டுப் போனால் "முறை வரும்" என்பார்கள். மேலே தஞ்சாவூரில் கேட்டால் "கீழே விட்டாச்சு". கீழே கேட்டால் "மேலே விடலை". நடுவில் துருப்பிடித்த ஷட்டர். சுற்றும் கைப்பிடி பாசன ஊழியரான லஸ்கரிடம். ஒரு லஸ்கருக்கு எத்தனை ஊர் என்று கேட்டால் அந்த ஆளே அழுதுவிடுவார். காலியிடங்களை நிரப்பப் பணமில்லையாம். பூ வாங்க இருந்தது.

2018 ஆகஸ்டில் காவிரி பெருகி வந்தது. முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் ஒன்பது அடித்துக்கொண்டு போயின. டிஎம்சி டிஎம்சியாகத் தண்ணீர் கடலுக்கு ஓடியது. கடல்தான் வேண்டுமென்றால் மணமேல்குடியிலும் இருக்கிறதே ஐயா! இந்த வழியாகப் போயிருக்கக் கூடாதா?