அழித்த பாட்டு

1984-இல் எனக்கு வயது 14. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், சுங்கை பாக்காப்பை ஒட்டிய ரப்பர் தோட்டத்து லயன் வீட்டில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டு அண்ணனிடம் மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ கேசட் இருந்தது. ஒரே ஒரு ராத்திரிக்கு என்று கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்தேன். பிரதி எடுக்க எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். இரண்டு ரேடியோவை வீட்டு முன் தாழ்வாரமான அஞ்சடியில் எதிரெதிரே வைத்து, ஒன்றில் பாட விட்டு, மற்றதில் பதிவுப் பொத்தானை அழுத்த வேண்டும். அதன் பிறகு வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது.

வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் அம்மா துணி அலசிக்கொண்டிருந்தார். கை வேலை செய்தால் வாய் பாடும். அது அம்மாவின் பழக்கம். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் அம்மாவின் குரல் நாடாவில் விழுந்துவிட்டது. “பேசாம இரும்மா, எல்லாம் கெட்டுப்போச்சு!” என்று கத்தினேன். நாடாவைப் பின்னால் சுற்றி, அந்த இடத்தின் மேலேயே மறுபடி பதிவு செய்தேன். ‘திரில்லர்’ முழுசாகக் கிடைத்தது. அம்மாவின் பாட்டு போய்விட்டது.

அந்த வயதில் அமெரிக்க இசையை நாங்கள் உயிரைக் கொடுத்துப் படித்தோம். ஆங்கிலம் அவ்வளவாக வராது. காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வோம். ஒரு வரிக்காகக் கேசட்டைப் பத்துத் தடவை நிறுத்துவோம். ‘எஃப்’ ஓசை வந்தால் ஆய்த எழுத்து. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் ஒரு சின்னக் கோடு. பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்று இப்படியே நிறைந்தது. சாயங்காலம் கோயில் மண்டபத்துச் சிமெண்டுத் தரையில் பிஸ்கட் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டு, முழங்கை தோல் உரிய பிரேக் டான்ஸ் பழகினோம்.

அது எங்களால் எட்டக்கூடிய இசைதான் என்று நம்பிக்கை கொடுத்தவர்கள் அலிகேட்ஸ் குழுவினர். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற அண்ணன் தம்பி பினாங்கில் தொடங்கிய குழு அது. 1970-களில் ஹாங்காங் கிளப்புகளில் பாடிவிட்டு ஊர் திரும்பி, மலாய்ப் பாடல்களால் நாடு முழுக்கப் பெயர் வாங்கினார்கள். டேவிட்டின் பெரிய ஆஃப்ரோ முடியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, பினாங்குத் தமிழனின் தலையில் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் அடையாளம் எப்படி வந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அழகாக இருந்தது; அது போதும் என்றிருந்தது.

கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். நாங்கள் ஓசையைப் படித்தோம். அது யார் வயிற்றிலிருந்து வந்த ஓசை என்று படிக்கவில்லை.

1998-இல் பொயட்டிக் அம்மோ குழுவின் முதல் ஆல்பம் வந்தது. தொழிற்சாலை பஸ்ஸில் அதைக் கேட்டபோது எனக்கு 28 வயது. கோலாலம்பூர் இளைஞர்கள் ராப் பாடினார்கள், அதிலே தமிழும் இருந்தது. அதே குழுவின் யோகி பி பிறகு டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோரோடு சேர்ந்து 2006-இல் ‘வல்லவன்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தார். 1980-இல் வெளிவந்த ‘நிழல்கள்’ படத்தில் இளையராஜா போட்ட பாடல் ஒன்று அதில் ராப்பாக மாறியிருந்தது. மறு ஆண்டே ‘பொல்லாதவன்’ படத்தில் யோகி பி-யின் குரல் ஒலித்தது. அதுவரை தமிழ்நாட்டுப் பாட்டு இங்கே வரும், நாம் கேட்போம். மலேசியத் தமிழன் ஒரு புதிய பாணியை அங்கே கொண்டுபோனது எங்களுக்குப் பெரிய விஷயம். பஸ்ஸில் அதைக் கேட்டபோது நெஞ்சு நிமிர்ந்தது உண்மை.

இப்போது என் மகளுக்கு வயது 21. அமெரிக்க வெகுஜன இசையும் அதன் சமூகத் தாக்கமும் பற்றி அவள் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடம் எடுத்திருக்கிறாள். நான் நோட்டுப் புத்தகத்தில் கிறுக்கியதை அவள் கட்டுரையாக எழுதுகிறாள். ஒருநாள் இரவு, “அப்பா, இதைக் கேளுங்க” என்று காதில் இயர்போனை மாட்டிவிட்டாள். கரகரவென்ற பழைய பதிவு. ஒரு கிதார், ஒரு குரல். பாடியவர் மட்டி வாட்டர்ஸ் என்ற புளூஸ் பாடகர்.

அவர் கதையை அவள்தான் சொன்னாள். மிசிசிப்பி மாநிலத்தில் ஸ்டோவல் என்ற பருத்தித் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். 1941-இல் ஆலன் லோமாக்ஸ் என்ற நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பாளர் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காகப் பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு அவர் குடிசைக்கே போனார். பிறகு இசைத்தட்டின் இரண்டு பிரதிகளும் 20 டாலரும் தபாலில் வந்தன. தன் குரலைத் தானே இசைத்தட்டில் கேட்ட அந்தத் தொழிலாளி 1943-இல் தோட்டத்தை விட்டுச் சிகாகோவுக்கு ரயிலேறினார். அங்கே மின் கிதாரைக் கையில் எடுத்தார். இங்கிலாந்தின் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தனக்குப் பெயர் வைத்துக்கொண்டது அவருடைய பாட்டு ஒன்றிலிருந்துதான். புளூஸிலிருந்து ராக், சோல் என்று கிளை பிரிந்தது. நான் அஞ்சடியில் உட்கார்ந்து பதிவு செய்த மைக்கேல் ஜாக்சனும் அந்த மரத்தின் கிளைதான்.

“இதுக்கெல்லாம் வேர் எது தெரியுமாப்பா? தோட்டத்துல வேலை செஞ்சப்ப பாடின பாட்டு. ஒருத்தர் குரல் கொடுப்பாரு, மத்தவங்க பதில் பாடுவாங்க.”

எனக்குக் குழாயடி ஞாபகம் வந்தது.

எங்கள் ஊர் இருக்கும் செபராங் பிறை முதலில் கரும்புச் சீமை. 19-ஆம் நூற்றாண்டில் கரும்பு வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக எங்கள் ஆட்களைக் கப்பலில் ஏற்றி வந்தார்கள். அந்த ஒப்பந்த முறை 1910-இல் ஒழிந்தது. கரும்பு போய் ரப்பர் வந்தது. கங்காணி மூலம் ஆள் சேர்ப்பது தொடர்ந்தது. அமெரிக்கக் கறுப்பினத்தவர் அனுபவித்த அடிமை முறையும் எங்கள் கூலி முறையும் ஒன்றல்ல. சங்கிலியில் கட்டி விற்கப்பட்டவர்களின் துயரத்தை நம்முடையது என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. ஆனால் விடியுமுன் எழுந்து அடுத்தவர் நிலத்தில் வேலை செய்பவர் பாட்டால்தான் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வார் என்பது இரண்டு இடத்திலும் ஒன்று. எங்கள் பாட்டன்மார் சீவிய பால் அமெரிக்கக் கார்களுக்கு டயராகப் போனது. அங்கிருந்து கேசட்டில் பாட்டு வந்தது. வந்த பாட்டும் ஒரு தோட்டத்துப் பாட்டுதான் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் மகள் பாட்டியின் எதிரே உட்கார்ந்தாள். “பாட்டி, காட்டுல வேலை செய்யறப்ப பாடுவீங்களே, அதைப் பாடுங்க.” அம்மாவுக்கு 78 வயது. “அதெல்லாம் ஒரு பாட்டா?” என்றார். இரண்டு முறை கேட்டபின் தொடங்கினார்.

குரல் முதலில் நடுங்கியது. பிறகு வலது கை தானாக அசைந்தது. ரப்பர் மரம் சீவும் உளியைப் பிடிக்கும் பிடி. மேலிருந்து சரிவாக இழுக்கும் இழுப்பு. பால் பிடிக்கும் மங்கைத் திருப்பி வைக்கும் விரல். அந்த அசைவு ஒவ்வொன்றும் தாளத்தில் விழுந்தது. ஆளுக்கொரு நெரை (மர வரிசை) என்பதால் பக்கத்தில் துணைக்கு ஆள் இருக்காது. அதிகாலை இருட்டில் அடுத்த நெரைக்காரிக்குக் கேட்கட்டும் என்று வரியின் கடைசியை நீட்டிப் பாடுவார்களாம். அவள் அங்கிருந்து பதிலுக்குப் பாடுவாளாம். பதில் வராவிட்டால் என்னவோ ஏதோ என்று ஓடிப்போய்ப் பார்ப்பார்களாம். வெளிக்காட்டில் புல் வெட்டும் போதோ எல்லோரும் கூட்டமாகப் பாடுவார்கள். நிறுவையில் ஏமாற்றும் தோட்டத்து எழுத்தரான கிராணியைப் பற்றிக்கூட ஒரு பாட்டு இருந்தது. அவர் காதுபடவே பாடுவார்கள். பெயரை மட்டும் மாற்றிக்கொள்வார்கள்.

மகள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். நான் கைப்பேசியை அம்மாவின் பக்கம் தள்ளி வைத்தேன். வாசலில் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டிருந்த தம்பி மகனிடம், “கொஞ்சம் சத்தம் போடாதேடா” என்றேன். 1984-இல் அம்மாவிடம் சொன்னதும் ஏறக்குறைய அதே சொல்தான். அந்த ராத்திரி அம்மாவுக்கு நினைவில்லை. எனக்கு இருக்கிறது.

நாங்கள் இருந்த லயன் வீடுகள் இப்போது இல்லை. மரங்களும் இல்லை. ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த பத்து காவானில் மைக்ரான் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் தொழிற்சாலை வைத்திருக்கின்றன; எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஷிப்ட் வேலைக்குப் போகிறார்கள். பாட்டைச் சேமித்து வைக்கும் நினைவகச் சில்லு இன்று எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே தயாராகிறது. சேமித்து வைக்க வேண்டிய பாட்டுதான் ஒவ்வொரு சாவு வீட்டோடும் குறைகிறது.

லோமாக்ஸைப் போல ஒருவர் கருவியைத் தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வருவார் என்று காத்திருக்க வேண்டாம். தோட்டத்தில் வேலை செய்த பாட்டியோ தாத்தாவோ உங்கள் வீட்டில் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்காருங்கள். பாடச் சொல்லுங்கள். எந்தத் தோட்டம், என்ன வேலை, யார் கற்றுக்கொடுத்தது என்பதையும் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

அம்மாவிடமிருந்து இதுவரை 11 பாட்டு கிடைத்திருக்கிறது. பன்னிரண்டாவது பாட்டில் நடுவே இரண்டு வரி ஞாபகம் வரவில்லை என்கிறார். அதைப் பதிலுக்குப் பாடிய அடுத்த நெரைக்காரி போன வருஷம் இறந்துவிட்டார்.